சீனத் தொடர்களில் நேரம் யாருக்குச் செலவாகிறது?

சீனத் தொலைக்காட்சித் தொடர்களை விடாமல் பார்க்கும் தமிழர்கள் சிங்கப்பூரில் நிறையவே இருக்கிறார்கள். அவர்களோடு பேசினால் மூன்று மனக்குறைகள் திரும்பத் திரும்பக் காதில் விழும். கதையை இழுக்கிறார்கள் என்பது ஒன்று. நன்றாக வளர்ந்துவந்த கதாபாத்திரத்தை நடுவழியில் விட்டுவிடுகிறார்கள் என்பது இன்னொன்று. நாற்பது ஐம்பது அங்கங்களைப் பொறுமையாகப் பார்த்தவர்களைக் கடைசி அங்கத்தில் ஏமாற்றிவிடுகிறார்கள் என்பது மூன்றாவது. இவற்றைத் தனித்தனிக் குறைகளாக வைத்து வாதிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஒரு தொடர் தன் நேரத்தை யாருக்குச் செலவிடுகிறது என்பதைக் கவனித்து வந்தால், அதன் முடிவு நிற்குமா சரியுமா என்பது பாதியிலேயே தெரிந்துவிடும் என்பது என் எண்ணம். இந்தப் பதிவில் அதைத்தான் என்னால் இயன்றவரை விளக்க விரும்புகிறேன்.

சீன மொழித் தொடர்கள் நமக்குப் புதியவை அல்ல. காப்பிக்கடைத் தொலைக்காட்சியில் சேனல் 8 ஓடிக்கொண்டிருக்க, வசனம் புரியாமலேயே கதையைப் பின்தொடர்ந்து வளர்ந்தவர்கள் நாம். மீடியாகார்ப் தயாரித்து 2008 இறுதியில் சேனல் 8-இல் தொடங்கிய 34 அங்கத் தொடரான ‘த லிட்டில் நோன்யா’ எங்கள் புளோக்கில் தமிழ், மலாய், சீனக் குடும்பங்கள் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தொலைக்காட்சியின் முன் உட்காரவைத்தது. அதன் முடிவைப் பற்றி மின்தூக்கி முன்பாகவே விவாதங்கள் நடந்தன. இப்போது ஐசியி, வீடிவி, நெட்ஃபிளிக்ஸ் என்று தளங்கள் பெருகிவிட்டதால், சீனாவில் ஒளியேறும் தொடர்களை ஆங்கில சப்டைட்டிலுடன் நாமும் உடனுக்குடன் பார்க்கிறோம். என் அண்ணி, அம்மா, அலுவலகத் தோழிகள் இருவர், எதிர்வீட்டுச் சீன ஆன்ட்டி ஆகியோர்தான் நான் இவற்றைப் பற்றி ஓயாமல் பேசும் கூட்டம்.

இழுவை என்ற குற்றச்சாட்டிலிருந்து தொடங்குகிறேன். தமிழ்நாட்டுத் தொடர்களில் பழகிய நமக்கு இழுவை என்றால் ஒரு பொருள் உண்டு. ஒருபுறம் படப்பிடிப்பு நடக்க, மறுபுறம் ஒளிபரப்பும் நடக்கும். பார்ப்பவர் எண்ணிக்கை கூடினால் கதை நீளும், குறைந்தால் ஒரு வாரத்தில் எல்லோரும் சமாதானமாகி வணக்கம் போட்டுவிடுவார்கள். சீனத் தொடரின் நிலைமை வேறு. பொதுவாக முழுத் தொடரையும் எடுத்து முடித்து, அரசின் தணிக்கையில் காட்டி, அனுமதி பெற்ற பிறகே முதல் அங்கம் ஒளியேறுகிறது. எனவே நாம் முதல் அங்கத்தைப் பார்க்கும்போதே கடைசி அங்கம் பெட்டியில் தயாராக இருக்கிறது. முடிவு தெரிந்தே தொடங்கும் கதையில் ஏன் இத்தனை தேவையற்ற காட்சிகள் என்ற கேள்வி அதனால் இன்னும் கூர்மையாகிறது. விடை பெரும்பாலும் பணத்தில் இருக்கிறது: தொடர்களை அங்கத்துக்கு இவ்வளவு என்ற கணக்கில் விற்பது நெடுநாள் வழக்கம், ஆகவே அங்கம் கூடினால் வருமானமும் கூடும். இந்தப் போக்கைக் கட்டுப்படுத்தத்தான் சீனாவின் தேசிய வானொலி, தொலைக்காட்சி நிர்வாகம் 2020 பிப்ரவரியில், தொடர்கள் 40 அங்கங்களைத் தாண்ட வேண்டாம், 30-க்குள் முடிப்பது நல்லது என்று அறிவுறுத்தியது. 2025-இல் அந்த வரம்பு தளர்த்தப்பட்டது.

பார்வையாளர்கள் தமக்குத் தெரிந்த வழியில் இதைச் சமாளிக்கிறார்கள். என் தோழி ஒருத்தி எல்லாத் தொடரையும் ஒன்றரை மடங்கு வேகத்தில்தான் பார்க்கிறாள். நமக்குப் பிடித்த நடிகர் வரும் காட்சிகளை மட்டும் கோத்துக் காட்டும் வசதியைக்கூட ஐசியி தளம் கொடுத்திருக்கிறது. அந்த வசதியைப் பற்றிக் கேள்விப்பட்டபோது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. ஒரு கதாபாத்திரத்தை அவரோடு பேசுபவர்களிடமிருந்தும் அவரை வெறுப்பவர்களிடமிருந்தும் பிரித்தெடுத்துவிட்டால் எஞ்சுவது அழகான முகம் மட்டும்தான்.

வேகம் குணமா, குறையா என்ற வழக்கைத் தீர்க்க 2018-ஆம் ஆண்டைவிடச் சிறந்த சான்று கிடையாது. அந்த ஆண்டு ஜூலையில் ‘ஸ்டோரி ஆஃப் யான்சி பேலஸ்’ 70 அங்கங்களோடும், ஆகஸ்டில் ‘ரூயிஸ் ராயல் லவ் இன் த பேலஸ்’ 87 அங்கங்களோடும் வெளிவந்தன. இரண்டும் சிங் வம்சத்துச் சியான்லோங் பேரரசரின் அந்தப்புரக் கதைகள். வரலாற்றில் ஒரே அரண்மனையில் வாழ்ந்த அதே பெண்கள்தான் இரண்டிலும் வருகிறார்கள். ஆனால் யான்சியில் கதாநாயகியாக இருக்கும் வெய் குலத்துப் பெண் ரூயியில் கொடியவள். யான்சியில் மெல்ல மெல்லக் கொடியவளாக மாறும் நாரா குலத்து அரசிதான் ரூயியின் கதாநாயகி. ஒரே வழக்கை இரண்டு வழக்கறிஞர்கள் எதிரெதிர்ப் பக்கம் நின்று வாதாடுவதைப் போன்ற இந்த அனுபவம் தொலைக்காட்சியில் எளிதில் வாய்க்காது.

யான்சியின் வெய் யிங்லுவோ தன் அக்காவின் சாவுக்குக் காரணமானவரைக் கண்டுபிடிக்கத் தையல் வேலைக்காரியாக அரண்மனைக்குள் நுழைகிறாள். அவளுக்கு யாராவது தீங்கு செய்தால் அடுத்த அங்கத்துக்குள் பதிலடி விழுந்துவிடும். அழுதுகொண்டு மூலையில் உட்காரும் கதாநாயகிகளைப் பார்த்துச் சலித்திருந்தவர்கள் அவளைக் கொண்டாடியதில் வியப்பில்லை. அண்ணி வேலை முடிந்து வந்ததும் சாப்பாட்டைக்கூடத் தள்ளிவைத்துவிட்டுப் பார்த்தார். ஆனால் அவர் இன்றுவரை கண்கலங்கிப் பேசுவது யிங்லுவோவைப் பற்றி அல்ல. சின் லான் நடித்த ஃபூச்சா பேரரசியைப் பற்றித்தான். வரலாற்றில் 1748-இல் இறந்த அந்த அரசி, தொடரில் குழந்தையை இழந்து, நம்பியவர்களையும் இழந்து, கோட்டை மதிலிலிருந்து குதித்து உயிரை விடுகிறார். வேகமாக ஓடும் அந்தத் தொடர் இவருக்கு மட்டும் நின்று நிதானித்து நேரம் கொடுத்தது: மல்லிகைச் செடிகளுக்கிடையே அவர் நிற்கும் நிலை, பணிப்பெண்களின் பெயரைச் சொல்லி அழைக்கும் பாங்கு, கணவரிடம் எதையும் கேட்காமல் விழுங்கிக்கொள்ளும் மௌனம் எல்லாமே பார்ப்பவர் மனத்தில் படியும்படி எடுக்கப்பட்டிருந்தன. அவர் போன பிறகு தொடர் அதே வேகத்தில் ஓடியது; எதிரிகள் வந்தார்கள், தோற்றார்கள். எங்கள் கூட்டத்தில் ஒருவர் தவறாமல் எல்லோரும் அதற்குப் பிறகு ஆர்வம் குறைந்துவிட்டது என்றே சொல்கிறார்கள். வேகம் அப்படியே இருந்தது, நேரம் கொடுக்கத் தகுந்த ஆள்தான் இல்லாமல் போய்விட்டார்.

ரூயி இதற்கு நேரெதிர். ஜோ ஷுன் நடித்த ரூயி, இளம் வயதில் தன்னை நேசித்த ஒருவர் பேரரசராகிச் சந்தேகக்காரராக, தற்பெருமைக்காரராகச் சிறிது சிறிதாக மாறுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். பெரிய சூழ்ச்சிகளுக்கு இடையே, தேநீர் ஊற்றுவதும் சன்னலருகே பேசுவதுமாகக் காட்சிகள் நகர்கின்றன. தோழிகள் இருவரும் இருபது அங்கம் தாண்டவில்லை. தொடக்கத்தில் பதின்ம வயதுப் பெண்ணாக ஜோ ஷுனை ஏற்க முடியவில்லை என்று அவர்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆயினும் நான் ரூயியின் பக்கம். 1765-இல் தெற்குப் பயணத்தின்போது நாரா அரசி தன் கூந்தலைத் தானே வெட்டிக்கொண்டார் என்பதும், மறு ஆண்டே இறந்தார் என்பதும் வரலாறு. சிங் வம்சத்தாரின் மஞ்சு இன வழக்கப்படி பேரரசரோ அவருடைய தாயோ இறந்தால் மட்டுமே அரசி கூந்தலை வெட்டலாம். தொடரில் அந்தக் காட்சி வரும்போது, அவள் கத்தியை எடுப்பது கோபத்தால் என்று எனக்குத் தோன்றவில்லை. தான் நேசித்த மனிதர் இறந்துவிட்டார் என்று முறைப்படி துக்கம் அனுசரிக்கிறாள். எண்பது அங்கங்களாக அந்த மனிதர் கொஞ்சம் கொஞ்சமாகச் சாவதை நமக்குக் காட்டியிருக்காவிட்டால் அந்தக் காட்சிக்கு இந்தப் பொருள் கிடைத்திருக்காது. அந்தத் தொடரில் வெட்டியிருக்க வேண்டிய காட்சிகள் பல உண்டு. கிளைக்கதைகளில் பதினைந்து அங்கங்களையாவது குறைத்திருக்கலாம். ஆனால் கணவன் மனைவிக்கு இடையிலான அந்த மந்தமான காட்சிகளில் ஒன்றைக்கூட விட்டுக்கொடுக்க நான் தயாரில்லை.

மெதுவாகச் சொல்லியும் ஒரு நொடிகூட வீணாகாத தொடருக்கு உதாரணம் கேட்டால் எந்தத் தயக்கமும் இன்றி 2015-இன் ‘நிர்வாணா இன் ஃபயர்’ தொடரைச் சொல்வேன். 54 அங்கங்கள். பொய்க்குற்றம் சாட்டப்பட்டு 70,000 வீரர்களோடு அழிக்கப்பட்ட படையின் இளம் தளபதி லின் ஷூ உயிர் பிழைத்து, முகமும் உடலும் மாறி, மெய் சாங்சூ என்ற நோயாளி அறிஞனாகத் தலைநகருக்குத் திரும்பி, தன் பழைய நண்பன் ஜிங் இளவரசனை அரியணைக்கு அருகே கொண்டுசெல்கிறான். ஹூ கே நடித்த இந்த மனிதன் யார் என்பது இளவரசனுக்குக் கிட்டத்தட்ட இறுதிவரை தெரியாது. ஒரு காட்சியில் மெய் சாங்சூ இளவரசனின் மாளிகைக்கு வருகிறான். சுவரில் ஒரு வில் மாட்டியிருக்கிறது. அவன் கை தன்னையறியாமல் அதை நோக்கிப் போகிறது. தொடாதீர்கள் என்கிறான் இளவரசன். அது இறந்துபோன நண்பனுடையது, அந்நியர் தன் பொருளைத் தொடுவது அவனுக்குப் பிடிக்காது என்கிறான். மெய் சாங்சூ கையை இழுத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்கிறான். அவ்வளவுதான் காட்சி. இசையை உரக்க ஒலிக்கவிடவில்லை, முகத்தை மூன்று முறை காட்டவில்லை. தன் வில்லையே தொட அனுமதி இல்லாத ஒருவனின் நிலைமையை நாம் விளங்கிக்கொள்வதற்கு மட்டும் இடம் விட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

அந்தத் தொடரின் முடிவில், படையின் களங்கம் துடைக்கப்பட்ட பிறகு எல்லையில் போர் மூள்கிறது. மூன்று மாதங்களுக்கு உடல் வலிமை தந்து அதன் பின் உயிரைப் பறித்துவிடும் மருந்தை உட்கொண்டு மெய் சாங்சூ போருக்குப் போகிறான். இத்தனை துன்பப்பட்டவன் கொஞ்ச நாளாவது நிம்மதியாக வாழ்ந்திருக்கக் கூடாதா, காத்திருந்த நிஹுவாங் இளவரசிக்கு என்ன பதில் என்று அம்மா கேட்கிறார். கேட்பது தாயுள்ளம், அதை நான் மதிக்கிறேன். ஆனால் அவன் படுக்கையில் மெய் சாங்சூவாகச் சாவதைவிட, குதிரைமேல் லின் ஷூவாக மூன்று மாதம் வாழ்வதைத் தேர்ந்தெடுப்பான் என்பது அந்த வில்லை நோக்கி அவன் கை நீண்டபோதே எழுதப்பட்டுவிட்டது. நல்ல முடிவு என்று நான் சொல்வது இதைத்தான். துயரமா மகிழ்ச்சியா என்பது எனக்கு இரண்டாம்பட்சம். அந்த மனிதர் வேறு எதையும் செய்திருக்க மாட்டார் என்ற உறுதி பார்ப்பவருக்குக் கிடைக்க வேண்டும்.

குறைந்த அங்கங்களில் முடித்துவிட்டால் இந்தச் சிக்கல் தானாகத் தீரும் என்று நினைப்பவர்களுக்கு, 12 அங்கங்கள் மட்டுமே கொண்ட ‘த லாங் சீசன்’ தொடரை (2023) காட்டுவேன். சீனாவின் வடகிழக்கில் ஓர் உருக்காலை நகரம், 1990-களின் இறுதியில் வேலை இழக்கும் தொழிலாளர்கள், பல ஆண்டுகளுக்குப் பிறகும் மகனின் சாவுக்கு விடை தேடும் டாக்சி ஓட்டுநர் வாங் சியாங். எண்ணிக்கையில் சிறியது, நடையில் மிக நிதானமானது. கொலையாளி யார் என்பதைவிட, மைத்துனனோடு சேர்ந்து சாப்பிட்டுக்கொண்டே சண்டை போடும் அந்த முதியவரின் நாள்கள்தான் பெரும்பகுதி. ஃபான் வெய் என்ற நடிகரின் தோள்களைப் பார்த்தாலே வயது தெரிகிறது. 2020-இன் ‘த பேட் கிட்ஸ்’ தொடரும் 12 அங்கங்கள்தான். அது சிறுமி பூபூவுக்கு என்ன ஆனது என்பதை வெளிப்படையாகச் சொல்லாமல் தடயங்களை மட்டும் விட்டுச்செல்கிறது. எதிர்வீட்டு ஆன்ட்டிக்கு அது பிடிக்கவில்லை. காசு கொடுத்துப் பார்ப்பவருக்கு முடிவையும் கொடுக்க வேண்டும் என்பது அவர் கட்சி.

முடிவு சரிந்துபோனதற்கு எனக்கு மிகவும் வலிக்கும் உதாரணம் ‘த நாக்அவுட்’. 2023 ஜனவரியில் வந்த 39 அங்கத் தொடர். 2000-ஆம் ஆண்டுச் சீனப் புத்தாண்டுக்கு முந்திய இரவில், அடிதடியில் சிக்கிக் காவல் நிலையத்தில் உட்கார்ந்திருக்கும் மீன் வியாபாரி காவ் சீச்சியாங்குக்கு இளம் காவலர் ஆன் சின் ஒரு தட்டு டம்ப்ளிங் கொடுக்கிறார். குனிந்த தலையோடு அவன் அதைச் சாப்பிடும் விதத்தில் ஏழையின் கூச்சமும் பசியும் நன்றியும் ஒன்றாகத் தெரியும். அந்த ஒரு தட்டு உணவிலிருந்து இருபது ஆண்டுப் பகை வளர்வதை முதல் இரண்டு கட்டங்கள் அற்புதமாகச் சொல்கின்றன. 2021-இல் நடக்கும் மூன்றாம் கட்டத்தில் மேலிடத்துக் குழு ஒன்று வந்து ஊழலை ஒழிக்கிறது. புதுப்புது அதிகாரிகள் வருகிறார்கள், காவின் மனைவியாகப் பார்வையாளர் மனத்தில் நின்றுவிட்ட சென் ஷூடிங் அவசரமாகக் கொல்லப்படுகிறாள், சில காட்சிகளில் நடிகர்களின் உதடு ஒன்று பேச, குரல் வேறொன்று பேசுகிறது. குற்றவாளி தண்டிக்கப்பட வேண்டும், அரசு வெல்ல வேண்டும் என்பது அங்கே மாறாத விதி, அதை நான் குறைசொல்லவில்லை. காவ் சீச்சியாங் பிடிபடுவது சரியான முடிவுதான். ஆனால் அந்தத் தண்டனையைச் சுமந்து நிற்க வேண்டிய இரண்டு மனிதர்களிடமிருந்தும் நேரத்தைப் பிடுங்கி, நமக்குப் பெயர்கூட நினைவில் நிற்காத அதிகாரிகளுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

முடிவே இல்லாமல் நிறுத்துவது வேறு வகை. 2019-இல் கதாநாயகன் கத்திக்குத்துப் படுவதோடு ‘ஜாய் ஆஃப் லைஃப்’ முதல் பருவம் நின்றது. இரண்டாம் பருவம் வர 2024 மே வரை காத்திருந்தோம். அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

எங்கள் கூட்டத்தில் இன்றும் ஓயாத விவாதம் 2019-இன் ‘ஆல் இஸ் வெல்’ பற்றியது. சூச்சோ நகரக் குடும்பத்தின் கதை, 46 அங்கங்கள். தாய் மகன்களின் படிப்புக்காக வீட்டின் அறைகளை விற்கிறாள். படிப்பில் கெட்டிக்காரியான மகள் சூ மிங்யூவைக் கட்டணமில்லாத ஆசிரியர் கல்லூரிக்குப் போ என்கிறாள். மகள் வீட்டைவிட்டு வெளியேறித் தன் காலில் நிற்கிறாள். தாய் இறந்ததும், அதுவரை வாயே திறக்காத தந்தை சூ டாசியாங் திடீரென்று தனக்குப் பெரிய வீடு வேண்டும், கையால் அரைத்த காப்பி வேண்டும் என்று பிள்ளைகளை ஆட்டிவைக்கிறார். மகனுக்கு ஒரு நீதி, மகளுக்கு ஒரு நீதி என்ற வீடுகள் நம்மிடையே எத்தனை இருந்தன என்பது எங்கள் அம்மா தலைமுறைக்குத் தெரியும். அந்தத் தொடரைப் பார்க்கும்போது அவர் பலமுறை எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். அண்ணன் மிங்செங் தங்கையை அடித்து வீழ்த்தும் காட்சிக்குப் பிறகு அன்று எங்கள் வீட்டில் யாரும் பேசவில்லை.

கடைசிச் சில அங்கங்களில் தந்தைக்கு மறதி நோய் வருகிறது. மகள் வேலையை விட்டுவிட்டு அவரைப் பார்த்துக்கொள்கிறாள். எல்லாவற்றையும் மறந்துவிட்ட அவர், ஒருநாள் தெருவில் ஓடிப்போய் மிங்யூவின் படிப்புக்காகப் பயிற்சிப் புத்தகம் வாங்க முயல்கிறார். அன்றைக்கு வாங்கித் தராதது அவர் மனத்தின் அடியில் கிடந்திருக்கிறது. நானும் அந்தக் காட்சியில் அழுதேன். பெற்றவரை முதுமையில் கைவிடலாமா, மகள் செய்ததுதான் முறை என்கிறார் அம்மா. அடித்தவனையும் ஒதுக்கியவளையும் அவள் ஏன் மன்னிக்க வேண்டும், ஊருக்காக ஒட்டவைத்த முடிவு அது என்கிறார் அண்ணி. இருவர் பேச்சிலும் அவரவர் வாழ்க்கை இருக்கிறது என்பதால் நான் குறுக்கே பேசுவதில்லை.

ஆனால் என் கருத்தை இங்கே எழுதிவிடுகிறேன். மிங்யூ மன்னித்தது எனக்குத் தவறாகப் படவில்லை, மன்னிக்க அவளுக்குக் கொடுக்கப்பட்ட நேரம்தான் போதவில்லை. நாற்பது அங்கங்களுக்கு மேல் காயத்தை ஒவ்வோர் அடுக்காகப் பிரித்துக் காட்டிய தொடர், அது ஆறுவதை ஓரிரு அங்கங்களில் முடித்துக்கொண்டது. பெரிய வீடு வாங்குவதைப் பற்றிய தகராறில் இரண்டு அங்கங்களைக் குறைத்து, மறதி நோயுள்ள தந்தையும் அவரை இன்னும் முழுதாக நம்பாத மகளும் ஒரே வீட்டில் காலை உணவு சாப்பிடும், மருந்து கொடுக்கும், எரிச்சல்படும், பழையது நினைவுக்கு வந்து அறைக்கதவைச் சாத்திக்கொள்ளும் சாதாரண நாள்களுக்கு அந்த நேரத்தைக் கொடுத்திருந்தால், அண்ணியால்கூட அந்த முடிவை மறுத்திருக்க முடியாது என்றே நம்புகிறேன்.